கேமரா கீழே விழுந்தால்...? – பழுதும் பாதுகாப்பும்



டிப்ளமோ படிக்கிற நம்மில் எத்தனை பேர் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் நிற்கிறோம் என்று கணக்கெடுத்தால், வகுப்புக்கு மூன்று நான்கு பேராவது தேறுவார்கள். ஒருவர் லைட் பிடிப்பார், ஒருவர் வீடியோ எடுப்பார், இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்து ஆல்பம் டிசைன் செய்வார். படிப்பு முடிந்ததும் சொந்தமாக ஒரு கேமரா வாங்கித் தொழிலில் இறங்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் தொழிலுக்கு ஏற்ற ஒரு பாடியும் இரண்டு லென்ஸும் ஒரு ஃபிளாஷும் சேர்ந்தால் லட்சக் கணக்கில் போகிறது. அம்மாவின் நகையை அடகு வைத்தோ, மாதத் தவணையிலோதான் நம்மால் வாங்க முடியும். அப்படி வாங்கிய பொருள் கழுத்து உயரத்திலிருந்து தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டால் அரை நொடி!

நான் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. இரண்டு வருடமாக மாலை நேரத்தில் எங்கள் ஊரில் கேமரா பழுதுபார்க்கும் கடை ஒன்றில் உதவியாளாக இருக்கிறேன். கடை அண்ணாச்சியின் மேசைக்கு வருகிற கேமராவைப் பார்த்தும், அதன் பின்னால் முகம் வாடி வருகிற ஆட்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே பாடம் மாதிரி எழுதுகிறேன். பாதி எலெக்ட்ரானிக்ஸ், பாதி இன்ஷூரன்ஸ். இரண்டும் தெரிந்தால்தான் பிழைக்க முடியும்.

1. விழும்போது நடப்பது என்ன?

முதலாம் ஆண்டு இயற்பியலை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்லக் கூடாது. கேமராவும் லென்ஸும் சேர்த்து எடை 1.5 கிலோ என்று வையுங்கள். 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.85 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 17.7 ஜூல். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அந்த ஆற்றல் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. மண்டபத்து கிரானைட் தரையில் 2 மில்லிமீட்டர் நசுங்கலில் அடங்கினால், சராசரி விசை 8,800 நியூட்டன். கிட்டத்தட்ட 900 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம்! அதே கேமரா பைக்குள் 3 சென்டிமீட்டர் அமுங்குகிற ஸ்பாஞ்சின் மேல் விழுந்தால் விசை 590 நியூட்டன்தான். பதினைந்தில் ஒரு பங்கு. பையில் ஸ்பாஞ்ச் வைப்பது அழகுக்கு இல்லை என்பது இப்போது விளங்கும்.

லென்ஸ் பக்கம் கனம் அதிகம் என்பதால் பெரும்பாலும் அதுதான் முதலில் தரையில் மோதும். முன் வளையம் நசுங்கும், ஃபில்டர் நொறுங்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம். கண்ணுக்குத் தெரியாத சேதம் மவுண்டில் இருக்கிறது. மவுண்ட் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கம்பெனியிலும் நிலையானது. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். மவுண்டில் 44 மி.மீ., சோனி இ மவுண்டில் 18 மி.மீ. இது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் சரியாக இருக்க வேண்டிய அளவு. அடிபட்டு மவுண்ட் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்துவிட்டால், படத்தில் ஒரு மூலை தெளிவாகவும் எதிர் மூலை மங்கலாகவும் வரும். கேமரா ஓடும், லைட் எரியும், ஸ்கிரீனில் படமும் நன்றாகத்தான் தெரியும். ஆல்பம் பெரிதாகப் பிரிண்ட் ஆகி வந்த பிறகுதான் பெண் வீட்டார் கேட்பார்கள்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. முழுச் செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் சமமாக ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, தாளுக்கு நேர் எதிரே, செங்குத்தாக நிறுத்துங்கள். அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் மவுண்டோ, லென்ஸின் உள்ளே இருக்கிற ஒரு கண்ணாடியோ நகர்ந்திருக்கிறது. வேறொரு லென்ஸை மாட்டி மறுபடியும் எடுத்தால், கோளாறு பாடியிலா லென்ஸிலா என்பதும் தெரிந்துவிடும்.

2. தண்ணீரில் விழுந்தால்

எங்கள் ஊர் கடற்கரை ஊர். கல்யாணத்துக்கு முன் ஜோடியை அலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது இப்போது வழக்கம் ஆகிவிட்டது. அதனால் உப்புத் தண்ணீர் குடித்த கேமராவும் மாதம் ஒன்றாவது கடைக்கு வருகிறது. கொண்டுவருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, நாலஞ்சு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன், வரலை." அந்த நாலைந்து தடவைதான் கேமராவைக் கொன்றிருக்கும். உப்பு நீர் நல்ல மின்கடத்தி. அதன் வழியே பேட்டரி மின்னோட்டம் பாய்ந்தால், போர்டில் உள்ள தாமிரத் தடங்கள் மின்னாற்பகுப்பில் அரிக்கப்படும். வேதியியல் லேபில் நாம் செய்த அதே சோதனைதான், இங்கே செலவு மட்டும் அதிகம்.

ஆகவே முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. இரண்டாவது மெமரி கார்டைக் கழற்றுவது. மூன்றாவது லென்ஸைக் கழற்றி எல்லா மூடிகளையும் திறந்து வைத்து, வெளியில் உள்ள ஈரத்தைத் துடைப்பது. நான்காவது ஆன் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது. அரிசி மூட்டையில் புதைத்து வைப்பதால் உப்பு வெளியே வராது. அரிசித் தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றும் வேண்டாம், பசையும் பிளாஸ்டிக்கும் இளகிவிடும்.

3. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

"நாமதான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறோமே, நாமே பிரிச்சுப் பார்த்தா என்ன?" என்று கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான். அண்ணாச்சி முதல் நாளே மூன்று பாடம் சொன்னார்.

ஒன்று: ஃபிளாஷ். பேட்டரியைக் கழற்றிவிட்டால் கரண்ட் இல்லை என்று நினைப்பது ஆபத்து. ஃபிளாஷுக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் சுமார் 330 வோல்ட் வரை ஏற்றப்படும். 1,000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் என்றால், அதில் தேங்கும் ஆற்றல் 54 ஜூல். கையில் பாய்ந்தால் தூக்கி வாரிப்போடும், உயிருக்கே ஆபத்து ஆகலாம். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்வதும் தவறு. பொறி பறந்து முனை உருகும், கெப்பாசிட்டரும் கெடும். காப்பிட்ட பிடியுள்ள கம்பிகளோடு 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்க வேண்டும். இதில் கால மாறிலி 2.2 நொடி. 15 நொடி பொறுத்து, மல்டிமீட்டரில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இரண்டு: ஸ்குரூ. ஜப்பான் கேமராக்களில் உள்ள கூட்டல் குறி ஸ்குரூ நம் வொர்க்‌ஷாப்பில் உள்ள பிலிப்ஸ் வகை அல்ல, ஜே.ஐ.எஸ். வகை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் நழுவி, ஸ்குரூ தலை வழவழவென்று ஆகிவிடும். பிறகு டிரில் போட்டு எடுக்க வேண்டியதுதான். ஒரு செட் ஜே.ஐ.எஸ். டிரைவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று: லென்ஸின் உள் திருகு. ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் திருகுமரையில் பல தொடக்கங்கள் உண்டு. எந்த இடத்தில் பிரிந்தது என்று குறிக்காமல் கழற்றினால், திரும்ப மாட்டும்போது சரியான தொடக்கம் எது என்று தெரியாது. தூர ஃபோகஸ் போய்விடும்.

நாம் தாராளமாகச் செய்யக் கூடியவை: ஊதுகுழலால் தூசி எடுப்பது, மின்முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பது, பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைப்பது. மழைக்காலத்தில் பூட்டிய பீரோவில் துணி மூட்டையோடு கிடக்கிற லென்ஸில் ஃபங்கஸ் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி இருந்தால் போதும்.

4. வாரண்டி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு

கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது: "ரெண்டு வருஷ வாரண்டி இருக்கே அண்ணாச்சி!" வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி தருகிற உறுதி. விழுந்தது, நனைந்தது, நசுங்கியது எதுவும் அதில் வராது. கம்பெனி அங்கீகாரம் இல்லாத ஆள் பிரித்திருந்தால் அந்த வாரண்டியும் போச்சு. விபத்துச் சேதத்துக்கு வேண்டியது இன்ஷூரன்ஸ்.

நம் நாட்டில் பொதுக் காப்பீடு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியமயமாகி, 1973 ஜனவரி 1 முதல் நான்கு அரசு நிறுவனங்களாக நடந்தது. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியன்டல், நேஷனல் என்பவை அவை. 1999-ல் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்த பிறகு தனியார் நிறுவனங்களும் வந்தன. கேமராவுக்கு அனுபவத்தில் இரண்டு வகைப் பாலிசி பேசப்படுகிறது. ஒன்று ஆல் ரிஸ்க் பாலிசி. இன்னொன்று எலெக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசி. பெயர் எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் ஐந்து விஷயம் பார்க்க வேண்டும்.

(அ) உபயோகம். வீட்டுப் பொருள் பாலிசியில் சேர்த்த கேமராவைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோய் விழுந்தால், தொழில் உபயோகம் என்று சொல்லி மறுக்க இடம் உண்டு. சம்பளத்துக்குப் படம் எடுப்பவர் அதைப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கிற ஒப்பந்தம். மறைத்தால் பின்னால் நமக்கே ஆப்பு.

(ஆ) இடம். கடை முகவரிக்குள் மட்டும் பாதுகாப்பா, வெளியூர் போனாலும் உண்டா?

(இ) விலக்குகள். தேய்மானம், ஃபங்கஸ், கீறல், தானாக வந்த மின்கோளாறு ஆகியவை பொதுவாக வெளியே. ஷட்டரும் அப்படித்தான். நிக்கான் டி850-ன் ஷட்டர் 2,00,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையைத் தாண்டி ஓய்ந்தால் அது விபத்தல்ல, வயசு! ஆளில்லாத காரில் விட்டுப் போய்த் திருடு போனாலும் பல பாலிசிகளில் கிடைக்காது.

(ஈ) எக்ஸஸ். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை.

(உ) காப்பீட்டுத் தொகை. இதுதான் முக்கியம். தனியாகச் சொல்கிறேன்.

5. ஒரு நிஜக் கணக்கு

நம் துறையில் படித்து முடித்த அண்ணன் ஒருவர். லோன் போட்டு 1,60,000 ரூபாய்க்குக் கேமரா செட் வாங்கினார். பிரீமியம் குறையட்டும் என்று 1,00,000 ரூபாய்க்கு மட்டும் பாலிசி எடுத்தார். ஒரு ரிசப்ஷனில் சின்னப் பையன் ஒருவன் லைட் ஒயரில் தடுக்க, ட்ரைபாடோடு கேமரா சாய்ந்தது. மவுண்ட் வளைந்து, லென்ஸ் மோட்டார் உடைந்தது. சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் 38,000 ரூபாய்.

"ஒரு லட்சத்துக்குப் போட்டிருக்கோம், 38,000 அதுக்குள்ளதானே, முழுசா வரும்" என்று அவர் நினைத்தார். நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் பாலிசியில் சராசரி விதி என்று ஒன்று உண்டு. உண்மை மதிப்பு 1,60,000 இருக்கும்போது 1,00,000-க்கு மட்டும் எடுத்தால், மீதி 60,000-க்கு நாமே இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று பொருள். அதனால் 38,000-ஐ 100-ஆல் பெருக்கி 160-ஆல் வகுத்தார்கள்: 23,750 ரூபாய். எக்ஸஸ் 2,000 கழிய, கைக்கு வந்தது 21,750. மீதி 16,250 ரூபாய்க்குக் கடன் வாங்கினார்.

அதோடு முடியவில்லை. பார்ட்ஸ் வருவதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் ஓடிவிட்டன. அந்த மாதம் முழுக்க வாடகைக் கேமராவில் வேலை செய்தார். வருமான இழப்பைச் சாதாரணப் பாலிசி தருவதில்லை. தவணை மட்டும் நிற்காமல் போனது. அவர் இன்று நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் பிரீமியத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு அவர் கொடுத்த விலையை நாம் மறுபடி கொடுக்க வேண்டாமே என்றுதான் அவர் அனுமதியோடு இதை எழுதுகிறேன். ஆகவே, அதே வகைப் புதுக் கேமராவின் இன்றைய விலைக்குப் பாலிசி எடுங்கள். புதிதாக லென்ஸ் வாங்கினால் அன்றே அதையும் பட்டியலில் சேருங்கள்.

6. விழுந்த பிறகு – வரிசையாக

1. விழுந்த இடத்திலேயே மொபைலில் நான்கைந்து படம் எடுங்கள். தரை, ஒயர், உடைந்த துண்டு எல்லாம் தெரியட்டும்.

2. அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். போனில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்பி, க்ளெய்ம் எண்ணை வாங்குங்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானால், அதை மட்டும் காட்டி நியாயமான க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதற்காகச் சாவகாசமாக இருக்க வேண்டாம்.

3. சர்வேயர் பார்க்கும்வரை, அல்லது கம்பெனி எழுத்தில் அனுமதி தரும்வரை, பிரிக்கவோ சரிசெய்யவோ கூடாது. தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினால் சேதத்தின் சாட்சியே அழிந்துவிடும்.

4. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் வாங்குங்கள். உதிரிப் பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கட்டும்.

5. சீரியல் எண் போட்ட பில் வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிற கேமராவில் மிச்சமாகும் காசு இந்த இடத்தில்தான் திரும்பிப் போகும்.

6. மாற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனி கேட்கலாம்.

7. திருட்டு என்றால் உடனே போலீஸ் புகார், எஃப்.ஐ.ஆர். நகல்.

7. மறுத்துவிட்டால்?

சும்மா விட வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்து மூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். தனி ஒருவர் நடத்தும் தொழிலுக்கு எடுத்த பாலிசியும் அங்கே ஏற்கப்படும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாக வயிற்றுப் பிழைப்புக்குப் பொருள் வாங்கியவரும் நுகர்வோர்தான். "நீ கமர்ஷியல்" என்று ஒதுக்கிவிட முடியாது.

8. இரவல் கேமரா

நண்பனிடம் வாங்கிய கேமரா நம் கையில் உடைந்தால்? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆம் பிரிவு, நம் சொந்தப் பொருளைப் பொறுப்புள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அப்படிக் கவனமாக இருந்தும் சேதமானால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை பொறுப்பில்லை என்கிறது 152. வாடகைக் கடையின் சீட்டில்தான் அந்தத் தனி ஒப்பந்தம் சின்ன எழுத்தில் இருக்கும். "எந்தச் சேதத்துக்கும் வாடகைதாரரே பொறுப்பு" என்று இருந்தால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கேமராவை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் அவர்களுக்குத்தான் தெரியும் என்பதில்லை.

9. பேரவைக்கு ஒரு யோசனை

நம் விழாக்களுக்கு எடுக்கிற கேமரா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் யார் வைத்திருந்தார் என்பதே சண்டை ஆகிறது. ஒரு நோட்டுப் போடுவோம். சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, யார் எடுத்தார், என்ன நிலையில் திருப்பினார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். பாலிசி எடுத்தால் கல்லூரி பெயரில் எடுக்க வேண்டும், ஏனென்றால் பொருளின் உரிமையாளருக்குத்தான் அதில் காப்பீட்டு உரிமை. எடுக்கிற மாணவர்களின் உபயோகமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவோம். நோட்டின் விலை ஐம்பது ரூபாய்க்குள்தான். அடுத்த கலைவிழாவுக்குள் ஆரம்பித்துவிட்டால், நமக்குப் பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்கும் அந்தக் கேமரா முழுசாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் எலெக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாருங்கள். ஜே.ஐ.எஸ். டிரைவர் என்னிடம் ஒரு செட் இருக்கிறது, பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை